நாலாவது பாட்டில் இல்லாத சத்தம்

ஜூன் 3, திங்கள்

யாரோ மிருணாளினியாம். இசையைப் பற்றி எழுதும் ஒரு இணையப் பக்கத்தில் 'நீர்மூழ்கி' குழுவின் ஐந்து ஆல்பங்களையும் வரிசைப்படுத்தியிருக்கிறாள். முதல் இடம் போன வருஷம் வந்ததற்கு. கடைசி இடம் 'சிங்கிள் ஃபேஸ்'. அவர்களுடைய முதல் ஆல்பம், 2006. அது இல்லையென்றால் மற்ற நாலும் இல்லை.

மத்தியானம் கேன்டீனில் படித்தேன்.

மூன்று கோயம்புத்தூர்ப் பையன்கள் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் இரவல் கீபோர்டையும் வைத்துக்கொண்டு செய்த ஆல்பம் அது. பாட்டு என்கிறோமே தவிர ஒரு வார்த்தை கிடையாது. ஸ்டார்ட்டர் தட்டும் சத்தம், மோட்டார் ஓடும் சத்தம், பைப்பில் காற்றடைத்துத் துப்பும் சத்தம் எல்லாவற்றையும் எலக்ட்ரானிக் தாளத்தில் கோத்திருப்பார்கள். பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். பகலெல்லாம் என்னைப் பிடுங்கித் தின்ற சத்தம் சாயங்காலம் என் பக்கம் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இவள் எழுதுகிறாள்: "நாலாவது பாட்டான 'தண்ணி வர்ற நேரம்' முழுக்க ஊசி போல ஒரு கீச்சு. பதிவில் நேர்ந்த பிழையாக இருக்கலாம். ஹெட்ஃபோனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தாங்க முடியாது."

அப்படி ஒரு சத்தமே அந்தப் பாட்டில் இல்லை. பதினெட்டு வருஷமாகக் கேட்கிறேன். அடியில் மோட்டாரின் ரீங்காரம், மேலே நிதானமாக ஏறி இறங்கும் கீபோர்டு, அவ்வளவுதான். தொட்டிலை ஆட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

கீழே கமென்ட் போட்டேன். "பம்ப் டெஸ்டிங்கில் இருபது வருஷம் இருப்பவன் சொல்கிறேன். காதால்தான் எனக்குச் சம்பளம். நீங்கள் சொல்லும் சத்தம் அதில் இல்லை. எங்கோ திருட்டுத்தனமாக இறக்கிய கெட்டுப்போன ஃபைலைக் கேட்டுவிட்டு எழுதாதீர்கள்."

ஜூன் 4, செவ்வாய்

அவள் பதில் போட்டிருக்கிறாள். மரியாதையாகத்தான். தன்னிடம் இருப்பது ஒரிஜினல் சிடி என்றும், சத்தத்தைப் படமாக வரையும் மென்பொருளில் போட்டுப் பார்த்ததாகவும் சொல்லி ஒரு படத்தை இணைத்திருக்கிறாள். படத்தின் மேல் பகுதியில் ஆறாயிரத்து ஐந்நூறு ஹெர்ட்ஸில் ஒரு கோடு, பாட்டின் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. "இதுதான் சார்."

பாட்டைக் காதால் கேட்க வேண்டும், கண்ணால் அல்ல என்று எழுதினேன். பதினேழு பேர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்தா, அவளைப் பார்த்தா, தெரியவில்லை.

கேஸ் சிலிண்டர்காரர் வந்து பெல் அடித்துவிட்டுப் போய்விட்டாராம். நான் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன். பெல்லுக்கு பேட்டரி மாற்ற வேண்டும். நன்றாகத்தானே அடிக்கிறது என்கிறாள் என் மனைவி சுகந்தி.

ஜூன் 6, வியாழன்

பம்புகளை ஓட்டிப் பார்க்கும் டெஸ்டிங் ஷெட்டில் பூங்கோதை மூன்று மோனோபிளாக் பம்புகளுக்குச் சிவப்பு அட்டை மாட்டி வைத்திருந்தாள். அவள் எனக்கு உதவி இன்ஸ்பெக்டர், வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. என்ன குறை என்று கேட்டேன். பேரிங் கீச்சென்கிறது என்றாள்.

இவளும் அதே வார்த்தை!

ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்துப் பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். நான் கேட்கும் முறை அதுதான், இன்றைக்கும் என் டேபிளில் சத்தம் அளக்கும் மீட்டர் கிடையாது. மூன்றிலும் கேட்டேன். பட்டு மாதிரி ஓடுகிறது. அட்டைகளைக் கழற்றி எறிந்தேன். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் இப்படித்தான் பேய்ச் சத்தமெல்லாம் கேட்கும் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காதடைப்பான் வைத்துக்கொள்வாள். எங்கள் ஷெட்டில் அதை வைப்பவள் அவள் ஒருத்திதான். பெட்டி பெட்டியாக வந்ததை ஸ்டோரிலேயே போட்டு வைத்திருக்கிறேன். காதை அடைத்துக்கொண்டு மோட்டார் எப்படிப் பார்ப்பது?

அந்த மூன்றையும் சேர்த்து லாட் முழுவதையும் பல்லடத்துக்கு அனுப்பியாயிற்று.

ஜூன் 8, சனி

கமென்ட் அறுபதைத் தாண்டிவிட்டது. என் பக்கம் ஒருவன்கூட இல்லை. ஒருவன் 'அங்கிள்' என்கிறான். இன்னொருவன், "வயசானா மேல் ஸ்தாயி கேக்காது, விடுங்க பாஸ்" என்கிறான். எனக்கு நாற்பத்து நாலு வயது. அவன் அப்பனுக்கு என்ன வயது என்று கேட்டு எழுதினேன்.

பிறகு ஹெட்ஃபோனில் அந்தப் பாட்டை ஆறு தடவை கேட்டேன். ஒவ்வொரு நொடியாக எழுதி வைத்துக்கொண்டு. இல்லை. இல்லவே இல்லை.

சுகந்தி என்னமோ சொன்னாள். "என்ன?" என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடி "என்ன?" என்றேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டாள். இப்போதெல்லாம் யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லாம் வாய்க்குள்ளேயே முனகல். டிவியில் செய்தி வாசிப்பவர்கள் உட்பட.

ஜூன் 9, ஞாயிறு

மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுச் சுகந்தி காய் வாங்கப் போனாள். குக்கர் விசிலே அடிக்கவில்லை, பருப்பு தீய்ந்துவிட்டது. புது கேஸ்கட் வாங்கிப் போட்டேன்.

ஜூன் 13, வியாழன்

ஸ்டீபன் வந்திருந்தான். பாலிடெக்னிக்கிலிருந்து இருபத்தாறு வருஷப் பழக்கம். 'சிங்கிள் ஃபேஸ்' வந்த காலத்தில் பீளமேட்டில் ஒரே அறையில் இருந்தோம், ஒரே சிடியைத்தான் ரெண்டு பேரும் கேட்டோம். நான் இணையத்தில் போடும் சண்டையைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். ஒரு வார்த்தை எனக்காக எழுதுடா என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

பிறகு, "நந்து, அந்தச் சத்தம் இருக்குதுடா," என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நீயும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாயா, நாலு சின்னப் பிள்ளைகள் சிரித்ததற்குப் பயந்துவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், இங்கே எழுத வேண்டாம். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். வாசலில் சுகந்தியிடம் ஏதோ சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். என்ன சொன்னான் என்று கேட்டதற்குச் சும்மா வீட்டு விஷயம் என்றாள்.

ஜூன் 19, புதன்

பல்லடம் டீலரிடமிருந்து பதினோரு பம்புகள் திரும்பி வந்துவிட்டன. பேரிங் சத்தமாம். லாரியில் அடிபட்டிருக்கும் என்று சொன்னேன். மேனேஜர் தானே ஒன்றை ஓட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். யார் டெஸ்ட் செய்தது என்று கேட்டார்.

ரிப்போர்ட்டில் ரெண்டு கையெழுத்து, பூங்கோதையுடையதும் என்னுடையதும். அந்த லாட்டை அவள்தானே முதலில் பார்த்தாள். அதைத்தான் சொன்னேன். பொய்யில்லை.

சாயங்காலம் அவளை பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு போனாள். பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 20, வியாழன்

நல்ல செய்தி. 'சிங்கிள் ஃபேஸ்' பழைய கால இசைத்தட்டாக மறுபடி வெளிவருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன அரங்கில் வெளியீடு. நீர்மூழ்கியின் ஷாநவாஸ் நேரில் வருகிறான், கேள்வி கேட்கலாம். மிருணாளினிதான் பேட்டி எடுக்கிறாளாம்.

உண்டாக்கினவன் வாயாலேயே கேட்டுவிடுகிறேன்.

ஜூன் 22, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நூறு பேர் இருப்பார்கள். மிருணாளினிக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பேசும்போது மைக்கை வாயை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறாள், பாதி புரியவில்லை. கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்தேன். என் பெயரைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஷாநவாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு வருஷமாக இந்த ஆல்பத்தைக் கேட்கிறேன், உங்கள் பாட்டில் இல்லாத ஒரு கீச்சை இருக்கிறது என்று எழுதி ஊரை நம்ப வைக்கிறார்கள், அது இல்லையென்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன். கத்திவிட்டேன். கோபத்தில்தான்.

அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். அரங்கில் இருந்தவர்களைக் கையமர்த்திவிட்டுச் சொன்னான்.

"அந்தச் சத்தம் இருக்குதுங்கண்ணா. பிழை இல்லை, நாங்களே வச்சது. எங்க தோட்டத்துல போர் வத்திப் போச்சு. எங்கப்பா நம்பாம மோட்டாரை ஓட்டிக்கிட்டே இருந்தாரு. தண்ணி இல்லாம ஓடுற மோட்டார் கீச்சுன்னு கத்தும், உங்களுக்குத் தெரியாததா? அதைத்தான் பதிவு பண்ணுனோம். மேல தண்ணி வர்ற மாதிரி கீபோர்டு, கூடவே இந்தக் கீச்சு. தண்ணி வராதுங்கிறதுதான் அந்தப் பாட்டே."

மிருணாளினி தலையைக் குனிந்து எதையோ குறித்துக்கொண்டாள். அவளுக்கும் இது தெரியாது போல.

அண்ணனுக்காக ஒருமுறை போடலாம் என்று சொல்லி இசைத்தட்டைச் சுழல விட்டான். பெரிய ஸ்பீக்கர்கள். மோட்டாரின் ரீங்காரம் எழுந்தது, கீபோர்டு ஏறியது. என் பாட்டு. அதே தொட்டில்.

முன்வரிசையில் ஒரு பெண் சட்டென்று ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் கண்ணை இறுக்கி மூடினார். ஒரு குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நூறு முகங்களும் ஒரே மாதிரி சுருங்கின. நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பாட்டு முடிவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

எல்லாரும் சேர்ந்து செய்த நாடகம் என்று காலையில் சுகந்தியிடம் சொன்னேன். ஷாநவாஸும் மிருணாளினியும் பேசி வைத்துக்கொண்டு என்னை முட்டாளாக்கிவிட்டார்கள், நூறு பேரையும் காதைப் பொத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். சொல்லும்போதே அது எப்படிப்பட்ட பேச்சு என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நடுநடுவே டேபிளைக் குத்தினேன்.

அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள். என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கொஞ்ச காலமாக என்னிடம் முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இப்படித்தான் எதிரே வந்து உட்காருகிறாள். அது எதற்கென்று இன்றைக்குத்தான் புரிந்தது.

"ரெண்டு வருசமா உங்களுக்குப் பதிலா நான்தானுங்க கேட்டுட்டிருக்கேன்," என்றாள். "பெல் அடிச்சா நான் போறேன். போன் வந்தா நான் எடுத்துத் தர்றேன். யாராச்சும் பேசுனா நான் இன்னொருக்கா எடுத்துச் சொல்றேன். குக்கர்ல ஒரு குறையும் இல்லீங்க."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் இப்படித்தான் கத்துனீங்க."

ஜூன் 24, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

ஜூன் 26, புதன்

ஸ்டீபனின் எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். கடையில் ஆள் இருந்ததால் காத்திருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டான். அன்றைக்குப் பேசியது தப்பு என்றேன். சரி விடு என்றான்.

அப்புறம் அவனாகவே சொன்னான். "உனக்கு ஞாபகமே இல்லையாடா? அந்தச் சத்தத்தை எனக்கு முதல்ல காட்டுனதே நீதான். எனக்குப் பிடிக்கலைன்னு சொன்னேன். நீதான் ஒரு வாரம் சண்டை போட்டே. அது இல்லாட்டி பாட்டே இல்லைன்னே. பஸ்ஸுல போறப்ப அதே மாதிரி பல்லிடுக்குல கீச்சுன்னு பண்ணிக்கிட்டே வருவே, பக்கத்து சீட்டுக்காரங்கெல்லாம் திட்டுவாங்க."

எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அந்தச் சத்தம் என்றைக்கு என்னை விட்டுப் போனது என்றும் தெரியவில்லை. இப்படி ஒரு நாள் இருந்திருக்க வேண்டும், முந்தின நாள் கேட்டது, மறுநாள் கேட்காமல் போனது. அன்றைக்கு நான் சாப்பிட்டிருப்பேன், வேலைக்குப் போயிருப்பேன், தூங்கியிருப்பேன்.

கடையிலேயே அழுதுவிட்டேன். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஜூன் 28, வெள்ளி

காது பரிசோதனை. சின்ன அறையில் உட்கார வைத்து ஹெட்ஃபோன் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். முதலில் வரிசையாக அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளியே பரிசோதனை செய்யும் பெண் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டேதான் இருந்தார்.

தாளில் ரெண்டு கோடுகள் நேராக வந்து, மூவாயிரம் ஹெர்ட்ஸுக்கு அப்புறம் கிணற்றுக்குள் விழுகிற மாதிரி இறங்குகின்றன. இரைச்சலில் வேலையா என்று டாக்டர் கேட்டார். காதடைப்பான் வைப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கொடுக்கவில்லையா என்றார்.

கொடுத்தார்கள். ஸ்டோரில் இருக்கிறது, நான் போட்டு வைத்த இடத்தில். இதை அவரிடம் சொல்லவில்லை.

போனது திரும்பாது, கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஜூலை 1, திங்கள்

மேனேஜரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். பல்லடம் லாட்டில் மூன்று பம்புக்குப் பூங்கோதை சிவப்பு அட்டை மாட்டினாள், நான்தான் கழற்றி எறிந்து முழு லாட்டையும் அனுப்பினேன் என்றேன். ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறதே என்றார். என் பேச்சைத் தாண்டி அவளால் கையெழுத்துப் போடாமல் இருக்க முடியாது என்றேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

பிறகு பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், நீ நாளைக்கே பழைய இடத்துக்கு வந்துவிடலாம் என்றேன். அவள் முகம் மாறவில்லை.

"என்னைய எல்லாரு முன்னாடியும்தான் சார் பேசுனீங்க. மேனேஜர் ரூமுக்குள்ள போயிச் சொன்னா யாருக்குத் தெரியும்?"

கோபம் வந்தது. அவள் மேல் அல்ல. அவள் சொன்னது அப்படியே நியாயமாக இருந்ததால் வந்த கோபம்.

டீ இடைவேளையில் டெஸ்டிங் ஷெட்டில் எல்லாரையும் நிற்கச் சொன்னேன். அவளையும் வரச் சொன்னேன். என் காது போய்விட்டது, அவளுக்குக் கேட்டது சரி, நான் சொன்னது பொய், பழியையும் அவள் மேல் போட்டேன் என்று சொன்னேன். ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஸ்டோரைத் திறந்து காதடைப்பான் பெட்டிகளை எடுத்து வந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். பழனிசாமி அதை வாங்கிக்கொண்டு, "என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டார். பதினைந்து வருஷமாக என் பக்கத்தில் நிற்பவர். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

ஆறு பேருக்கும் பரிசோதனை முடிந்தது. நாலு பேருக்குக் காதில் குறை. எல்லாரும் என்னிடம் வேலை கற்றவர்கள்.

இன்றிலிருந்து நான் டெஸ்டிங்கில் இல்லை. ஆபீஸில் ரிப்போர்ட் பார்க்கும் வேலை. டெஸ்டிங் ஷெட்டில் இனி மீட்டர். கையெழுத்து பூங்கோதையுடையது. என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசுகிறாள்.

ஜூலை 13, சனி

கருவி வந்துவிட்டது, ரெண்டு காதுக்கும். தெருவுக்கு வந்ததும் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. பிளாஸ்டிக் பை நொறுங்குகிறது, செருப்பு கிறீச்சிடுகிறது, ஆட்டோ பிரேக் மண்டைக்குள் அடிக்கிறது. எப்படி இந்த ஊரில் எல்லாரும் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்து நாலாவது பாட்டைப் போட்டேன். சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இருக்கிறது.

முதல் நொடியிலிருந்து இருக்கிறது. அசிங்கமான சத்தம். கருவியின் வழியாக வருவதால் இன்னும் அசிங்கமாக இருக்கலாம். ஒரு நிமிஷத்தில் கருவியைப் பிடுங்கிவிடக் கை போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கீபோர்டு மேலே ஏறி, இதோ வரப்போகிறது, இதோ வந்துவிட்டது என்கிறது. அந்தக் கீச்சு ஒரு இம்மி நகராமல், வராது, வராது என்கிறது. கடைசியில் கீபோர்டு நின்றுவிடுகிறது. கீச்சு மட்டும் எட்டு நொடி ஓடுகிறது. அந்த எட்டு நொடியை நான் வெறும் மௌனம் என்று நினைத்திருந்தேன்.

இத்தனை வருஷம் நான் கேட்டது பாதிப் பாட்டு. அந்தப் பாதிக்காக எத்தனை பேரைக் கடித்துக் குதறியிருக்கிறேன்.

மிருணாளினிக்கு எல்லாரும் பார்க்கும்படி அதே இடத்தில் எழுதினேன். "அந்தச் சத்தம் இருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை. காதுக்குக் கருவி வைத்த பிறகு இன்று கேட்டேன். திருட்டு ஃபைல் என்று சொன்னதற்கு மன்னியுங்கள்."

ஜூலை 14, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. நன்றி சொல்லியிருக்கிறாள். ஷாநவாஸ் சொன்னதைக் கேட்ட பிறகு, 'பதிவில் நேர்ந்த பிழை' என்ற வரியை நீக்கிவிட்டாளாம். நேர்மையான பெண்தான். அதற்குக் கீழே ஒரு வரி: "ஆனாலும் சார், வேண்டுமென்றே வைத்தது என்பதால் நல்ல பாட்டு ஆகிவிடாது. 'சிங்கிள் ஃபேஸ்' இன்னமும் என் பட்டியலில் கடைசிதான்."

கடைசியா?

மூன்று தடவை படித்தேன். உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. என்ன கேட்கிறாள் இவள்? அந்த எட்டு நொடியைக் கேட்டாளா, இல்லையா? ரெண்டு நிமிஷத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத்தானே எழுதினாள்? முழுதாக உட்கார்ந்து கேட்கத் தைரியம் இல்லாதவள் எப்படிப் பட்டியல் போடலாம்?

சுகந்தி அடுப்படியிலிருந்து ஏதோ கேட்டாள். பூரியா இட்லியா என்று. பூரி என்று இங்கிருந்தே சொல்லிவிட்டு மிருணாளினிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் ஆகிவிட்டது, இன்னும் பாட்டின் முதல் நிமிஷத்தைத் தாண்டவில்லை.